என்ஃபீல்டு துப்பாக்கியின் குறிகாட்டி: 1857க்குப் பிந்தைய ஒரு மாற்றம்

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை விளக்கும் நூல்களில் என்ஃபீல்டு துப்பாக்கி பெரும்பாலும் கொழுப்புத் தடவிய தோட்டாவுடனேயே பேசப்படுகிறது. கிளர்ச்சி அடங்கியபின் அத்துப்பாக்கியிலேயே செய்யப்பட்ட மாற்றம் அந்த அளவு கவனம் பெறுவதில்லை.

1853 மாதிரி என்ஃபீல்டின் குழல் விட்டம் 0.577 அங்குலம், உட்புறம் மூன்று மரைவரிகள் வெட்டப்பட்டிருந்தன. குழலின் பின்பகுதியில் ஏணி வடிவக் குறிகாட்டி ஒன்று இருந்தது. அதன் நகரும் துண்டை உயர்த்தித் தொலைவுக்கேற்பக் குறி வைக்கலாம். வரியற்ற பழைய மஸ்கெட் நூறு கஜத்துக்கு அப்பால் நம்பத்தக்கதன்று. இதுவோ பல நூறு கஜம் எட்டியது.

இந்த எட்டும் ஆற்றல் இந்தியச் சிப்பாயிடம் இருத்தலாகாது என்று ஆட்சியாளர் அஞ்சினர். 1858 மாதிரியில் மரைவரிகள் கடைந்தெடுக்கப்பட்டு விட்டம் 0.656 அங்குலமாயிற்று. ஏணிக் குறிகாட்டி நீங்கி, அசையாத குறிகாட்டி பொருத்தப்பட்டது. வரியற்ற குழலுக்கு ஏணியால் பயனில்லை என்பது உண்மையே. ஆனால் வரியை நீக்கியது தொழில்நுட்பத் தேவையால் அன்று. கருவியைத் திருத்துவது என்றால் மேம்படுத்துவது என்றே பொருள்கொள்ளும் வழக்கம் இங்குப் பொருந்தாது.

கடைந்ததில் குழற்சுவர் மெலிந்தது. குழல்கள் புடைத்தன, முனைக்கத்தி பொருத்தியபோது வளைந்தன. எனவே 1859 மாதிரியில் குழற்சுவர் தடிப்பாக்கப்பட்டது. வரியற்ற குழலும் அசையாத குறிகாட்டியும் மட்டும் அப்படியே தொடர்ந்தன.