போட்டியற்ற பயிற்சி: ஜப்பானியத் தற்காப்புக் கலைகளில் 'வழி' என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானியத் தற்காப்புக் கலைகள் தொன்றுதொட்டே போட்டியை விலக்கி, பயில்வோரின் அகவளர்ச்சியையும் தன்வெளிப்பாட்டையும் நோக்கமாகக் கொண்டவை என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. இக்கருத்து மெய்ஜி காலத்திற்குப் பின் உருவானது என்பதையும், அதன் உருவாக்கத்தில் கல்வி, அரசு, போர் ஆகியவை பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புடோ, ஜூடோ, கராத்தே, ஐகிடோ, கட்டா, கானோ ஜிகோரோ, ஃபுனகோஷி கிச்சின்.

போட்டியின் பழமை

போட்டியை முற்றிலும் கடந்த கலை எதுவென்று கேட்டால், பலரும் முதலில் சுட்டுவது ஜப்பானிய வில்வித்தையையே. ஆனால் கியோட்டோவின் சன்ஜுசன்கென்டோ கோயிலின் மேற்குத் தாழ்வாரம் வேறொரு செய்தியைத் தருகிறது. ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள அத்தாழ்வாரத்தின் கூரையில் அம்பு படாமல், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எய்யும் போட்டி எடோ காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. 1686இல் வாசா டைஹச்சிரோ என்னும் இளைஞர் ஒரு பகல், ஓர் இரவுக்குள் 13,053 அம்புகளை எய்து, அவற்றுள் 8,133 அம்புகளை மறுகோடி சேர்த்தார். பிரபுக்களின் பெருமை இவ்வெண்ணிக்கையைச் சார்ந்திருந்தது. அகத்தேடலுக்கு இங்கு அதிக இடமிருந்ததாகக் கொள்ள இயலாது.

வாள்வித்தையிலும் இதே நிலைதான். பல மரபுகள் பிற மரபினரோடு மோதுவதைத் தடைசெய்திருந்தன என்பது உண்மை. ஆயினும் தடையின் காரணம் தத்துவம் மட்டுமன்று. மரபின் நுட்பங்கள் வெளியே கசியக்கூடாது, தோல்வியால் பெயர் கெடக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் மார்புக் கவசமும் செம்மைப்பட்டபின் உயிர்ச்சேதமின்றி மோதிப் பார்க்கும் வழி பிறந்தது. மரபுகளுக்கிடையிலான மோதல்களும் பெருகின. சாமுராய் வகுப்பு தன் உரிமைகளை இழந்துகொண்டிருந்த 1873இல், சகாகிபரா கென்கிச்சி கட்டணம் பெற்று வாட்போர்க் காட்சிகளை நடத்தினார். வேலையிழந்த வாள்வீரர்களுக்கு அது சோறு போட்டது. வித்தையின் மதிப்பைக் குலைக்கிறது என்ற கண்டனமும் உடன் எழுந்தது. போட்டி, காட்சி, வருமானம் ஆகிய மூன்றின் மீதும் எழுந்த ஒவ்வாமையே பின்னாளில் 'வழி' என்ற சொல்லுக்குக் கிடைத்த மதிப்பின் ஒரு வேர்.

கானோவின் இருமுகம்

1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில், கானோ ஜிகோரோ கோடோகானைத் தொடங்கினார். நுட்பத்தைக் குறிக்கும் 'ஜுட்சு' என்ற ஈற்றை நீக்கி, வழியைக் குறிக்கும் 'டோ' என்பதை வைத்தார். அச்சொல்லாட்சி அவருக்கு முன்பே ஓரிரு மரபுகளில் வழங்கியதுதான். அதைக் கல்விக் கோட்பாடாக வளர்த்தது அவருடைய பங்களிப்பு. கட்டா என்னும் வரையறுத்த வடிவப் பயிற்சியையும், ரண்டோரி என்னும் கட்டற்ற பயிற்சியையும் அவர் இணைத்தார். ரண்டோரியில் எதிரே நிற்பவர் பகைவர் அல்லர், கற்பதற்குத் துணைநிற்பவர்.

எனினும் கோடோகானின் பெயரை நாடறியச் செய்தவை, 1880களின் நடுப்பகுதியில் டோக்கியோ காவல்துறை நடத்திய மோதல்களில் அதன் மாணவர்கள் பெற்ற வெற்றிகளே. 1909இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானவரும் கானோதான். அத்தகையவர் 1936இல் லண்டனில் கொய்சுமி குன்ஜியுடன் உரையாடியபோது, ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்ப்பதில் தாம் முனைப்புக் காட்டவில்லை என்றும், ஜூடோ வெறும் விளையாட்டன்று என்றும், வெற்றி நாட்டம் அதன் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும் என்றும் கூறியதாகக் கொய்சுமி பதிவு செய்துள்ளார். இதனை முரண்பாடு எனச் சிலர் கருதுவர். கானோ மோதலை மறுக்கவில்லை, மோதலின் முடிவு பயிற்சியின் நோக்கமாக மாறுவதையே மறுத்தார் என்று கொள்வதே பொருத்தமானது.

ஃபுனகோஷியும் கட்டாவும்

ஓகினாவாவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஃபுனகோஷி கிச்சின் (1868–1957), கானோவைக் காட்டிலும் கடுமையான நிலைப்பாடு உடையவர். அசாதோ அன்கோ, இதோசு அன்கோ ஆகியோரிடம் அவர் பயின்றது பெரும்பாலும் கட்டா மட்டுமே. மூன்று கட்டாக்களைக் கற்கப் பத்தாண்டுகள் செலவிட்டதாக அவர் குறிப்பிடுகிறார். எதிராளியின்றி, இரவில், ஆசிரியர் ஒருவரின் பார்வையில் ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் செய்யும் இப்பயிற்சியில் வெற்றிக்கும் தோல்விக்கும் அளவுகோல் கிடையாது. முன்னோர் வகுத்த அசைவில் மாற்றம் செய்யும் உரிமையும் பயில்வோருக்கு இல்லை. அவ்வாறெனில் தன்வெளிப்பாடு எங்கே நிகழ்கிறது? மூச்சிலும், எடை மாறும் கணத்திலும், இரு அசைவுகளுக்கு இடையிலான நிறுத்தத்திலும் அது நிகழ்கிறது. ஒரே இராகத்தை இரு பாடகர்கள் பாடும்போது கேட்போர் உணரும் வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம்.

1922இல் டோக்கியோவில் கராத்தேயை நிகழ்த்திக் காட்டிய ஃபுனகோஷி, தலைநகரிலேயே தங்கிவிட்டார். ஜூடோவையும் கென்டோவையும் அறிந்திருந்த பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டா மட்டும் போதவில்லை. 1920களின் இறுதியில் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக மாணவர்கள் கவசம் அணிந்து மோதத் தொடங்கியபோது, அவர் அச்சங்கத்தோடான தொடர்பை முறித்துக்கொண்டார். 1957 ஏப்ரலில் அவர் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் தேசியப் போட்டியை நடத்தியது.

அரசின் கை

போட்டி மறுப்பை முழுவதும் ஆன்மிகத் தூய்மையாகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1895இல் கியோட்டோவில் நிறுவப்பட்ட டாய் நிப்பான் புடோகுகாய் அமைப்பில், 1919 அளவில் 'புஜுட்சு' என்ற சொல்லை நீக்கிப் 'புடோ' எனப் பெயரிட்டவர் நிஷிகுபோ ஹிரோமிச்சி. வித்தை வெற்றிக்கான கருவியாகச் சுருங்குவதை அவர் எதிர்த்தார். ஆயின் அவர் வேண்டிய மனப்பயிற்சி, பேரரசருக்காக உயிர்விடத் துணியும் மனப்பயிற்சியாகவும் இருந்தது. 1930களில் போட்டி மேலைத் தனிமனித வாதத்தின் அடையாளம் என்று பழிக்கப்பட்டது. 1942இல் புடோகுகாய் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் வந்தது. தன்னலம் துறத்தல் என்ற அறம், தன்னையே துறத்தல் என்ற ஆணையாக மாறிய காலம் அது.

போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. 1946இல் புடோகுகாய் கலைக்கப்பட்டது. 1950இல் ஜூடோ பள்ளிகளுக்குத் திரும்பியபோது, விளையாட்டு என்ற அடையாளத்துடனேயே திரும்ப முடிந்தது. அதுவரை இழிவாகக் கருதப்பட்ட போட்டியே இக்கலைகளைக் காப்பாற்றியது.

ஐகிடோவில் எழுந்த விவாதம்

உஎஷிபா மொரிஹெய் (1883–1969) போட்டியை அறவே விலக்கினார். போர்க்காலத்திற்கு முன் இராணுவ நிறுவனங்களில் கற்பித்த அவர், 1942க்குப் பின் இவாமா சிற்றூரில் உழவும் வழிபாடும் பயிற்சியுமாக வாழ்ந்தார். அவருடைய மூத்த மாணவரும் கானோவிடம் பயின்றவருமான டொமிகி கென்ஜி, 1958இல் வாசெதா பல்கலைக்கழகத்தில் ஐகிடோ சங்கத்தைத் தொடங்கிப் போட்டி முறையை வகுக்கலானார். எதிர்ப்பே காட்டாத துணைவரோடு மட்டும் பயில்பவர் தம் திறனைத் தாமே மிகையாக மதிப்பிட்டுவிடுவர் என்பது அவர் தரப்பின் சாரம். ஐகிகாய் தலைமையகம் இதை ஏற்கவில்லை. டொமிகியின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் பயிற்சியில் வெளிப்படுவது தன்னைப் பற்றிய கற்பனையேயன்றித் தான் அன்று.

அயல்நாட்டார் கற்பனைக்கும் இவ்விவாதத்தில் இடமுண்டு. 1924 முதல் 1929 வரை செண்டாயில் கற்பித்த ஜெர்மானியர் ஒய்கன் ஹெரிகல், அவா கென்சோவிடம் வில் பயின்று 1948இல் எழுதிய நூல், வில்வித்தையைச் சென் பௌத்தத்தோடு பிரிக்கமுடியாதபடி இணைத்துவிட்டது. அவா சென் பயிற்சி பெற்றவர் அல்லர் என்பதையும், இருளில் எய்த இரண்டாம் அம்பு முதல் அம்பைப் பிளந்த நிகழ்ச்சியைத் தற்செயல் என்றே அவர் பிறரிடம் சொன்னதையும் யமதா ஷோஜி எடுத்துக்காட்டியுள்ளார்.

மதிப்பெண் பெறும் கட்டா

2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றபோது, குமிதேயோடு கட்டாவும் பதக்கப் பிரிவாயிற்று. நடுவர்கள் நுட்பத்திற்கு 70 விழுக்காடும் உடல்திறனுக்கு 30 விழுக்காடும் என மதிப்பெண் வழங்கினர். ஆடவர் பிரிவில் தங்கம் வென்ற கியுனா ரியோ ஓகினாவாவைச் சேர்ந்தவர். அவர் பயின்ற ரியூஎய்-ரியூ மரபு, 1970களின் தொடக்கம் வரை நகாய்மா என்னும் ஒரே குடும்பத்திற்குள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது.  1964 ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிகளுக்கென எழுப்பப்பட்ட நிப்பான் புடோகானில், பெருந்தொற்றால் பார்வையாளர் அனுமதிக்கப்படாத வெற்று இருக்கைகளுக்கு முன்னே, ஏழு நடுவர்கள் எண்ணிட அம்மரபின் கட்டா ஒன்றை அவர் நிகழ்த்தினார்.