பேட்டரி கேஜ் பலகை: மின்னோட்ட அளவு பிழைபடுதல்

பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் சிறிய சர்க்யூட் பலகையே பேட்டரி கேஜ். உள்ளே போகும் மின்னோட்டத்தைக் கூட்டி, வெளியே வருவதைக் கழித்து இருப்பைச் சொல்லும் வகைதான் லேப்டாப், மின்சைக்கிள் பேட்டரிகளில் பெரும்பாலும் இருப்பது. மின்னோட்ட அளவு தவறினால் அதன் மற்ற எல்லாக் கணக்கும் தவறும்.

பலகை ஆம்பியரை நேரடியாக அளப்பதில்லை. மின்பாதையில் தொடராக அமைந்த ஷன்ட் என்னும் மிகச் சிறிய மின்தடையின் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளந்து, ஓம் விதிப்படி மின்னோட்டத்தைக் கணிக்கிறது. 10 மில்லிஓம் ஷன்ட்டில் 1 ஆம்பியர் பாய்ந்தால் கிடைப்பது வெறும் 10 மில்லிவோல்ட். இவ்வளவு மெல்லிய சமிக்ஞையில் எந்தச் சிறு கோளாறும் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கோளாறுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. அதைக் கண்டுகொள்ளாமல் அளவுத்திருத்தத்தில் கை வைப்பது, பழுதை மறைத்து வைப்பதாகவே முடியும்.

முதலில் லோடையும் சார்ஜரையும் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் ரீடிங் பூஜ்யத்துக்கு வரவில்லையென்றால் அது ஆஃப்செட் பிழை. இதைச் சின்னது என்று விடக் கூடாது. 20 மைக்ரோவோல்ட் ஆஃப்செட் 10 மில்லிஓம் ஷன்ட்டில் 2 மில்லிஆம்பியராகத் தெரியும். ஒரு நாளுக்கு 48 மில்லிஆம்பியர்மணி. சும்மா கிடக்கும் 3000 மில்லிஆம்பியர்மணி பேட்டரியின் கணக்கில் 30 நாளில் 1440, ஏறக்குறைய பாதி, இல்லாமலே போய்விடும்.

பூஜ்யம் சரியாக இருந்தால், நம்பகமான மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து 0.5 ஆம்பியர், 2 ஆம்பியர் என இரண்டு லோடுகளில் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் ஒரே விகிதத்தில் தவறினால் ஷன்ட்டின் மதிப்பில்தான் சந்தேகம். ஐஎன்ஏ219 சிப் உள்ள மாட்யூல்களில் வழக்கமாக 'ஆர்100' என்று பொறித்த 0.1 ஓம் ஷன்ட் இருக்கும், 3.2 ஆம்பியருக்கு மேல் அளக்க முடியாது. கூடுதல் மின்னோட்டத்துக்காக அதைப் பெயர்த்து 0.01 ஓம் வைப்பவர்கள் புரோகிராமில் மதிப்பை மாற்ற மறந்தால், 2 ஆம்பியர் 0.2 ஆகத் தெரியும்.

மதிப்பு சரி, விகிதம் மட்டும் தவறு என்றால் கண்ணைச் சால்டரிங் பக்கம் திருப்ப வேண்டும். மின்னழுத்தம் எடுக்கும் கம்பிகள் ஷன்ட்டின் பேடிலிருந்தே தனியாகக் கிளம்ப வேண்டும். இதுவே கெல்வின் இணைப்பு. வழக்கமான 35 மைக்ரான் செம்புத் தடத்தில், அகலமும் நீளமும் சமமான ஒவ்வொரு சதுரமும் சுமார் அரை மில்லிஓம். அப்படி இரண்டு சதுரம் அளவீட்டுக்குள் புகுந்தால் 10 மில்லிஓமில் 10 சதவீதப் பிழை. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் ஏறுவதால், அந்தப் பிழை பலகை சூடாகும்போது நகரவும் செய்யும். நல்ல ஷன்ட்டுகள் வெப்பத்துக்கு அசையாத மாங்கனின் போன்ற உலோகக் கலவையில் வருவதற்குக் காரணம் இதுதான். மல்டிமீட்டரின் கூர்முனைகளை ஷன்ட்டின் பேடிலேயே வைத்து மில்லிவோல்ட் பார்த்தால், பழுது ஷன்ட்டிலா அதற்கு அப்பாலா என்று தெரிந்துவிடும்.

டிஸ்சார்ஜ் சரியாகக் காட்டி, சார்ஜ் ஆகும்போது பூஜ்யம் காட்டும் பலகையில் பெரும்பாலும் பலகைக்கே குறையில்லை. ஷன்ட் நெகட்டிவ் பாதையில் இருக்க, சார்ஜரின் நெகட்டிவ் கம்பியை நேராகப் பேட்டரி முனையில் முடுக்கியிருப்பார்கள். அந்த மின்னோட்டம் ஷன்ட்டைத் தொடவே தொடாது. சோலார் அமைப்புகளில் அடிக்கடி நேர்வது இது. கம்பியை ஷன்ட்டின் மறுமுனைக்கு மாற்றினால் போதும்.

திடீரென 65036 போன்ற பிரம்மாண்ட எண் வந்தால் அது மென்பொருள் கோளாறு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ27441 போன்ற சிப்கள் டிஸ்சார்ஜ் மின்னோட்டத்தை எதிர்மறை எண்ணாக 16 பிட்டில் தருகின்றன. குறியைக் கவனிக்காமல் படித்தால் மைனஸ் 500 மில்லிஆம்பியர் 65036 ஆகிவிடும்.

இவையெல்லாம் தீர்ந்த பிறகே அளவுத்திருத்தம். அதிலும் ஆஃப்செட் முதலில், பெருக்கக் காரணி பிறகு. வரிசை மாறினால் மீதமுள்ள ஆஃப்செட் காரணிக்குள் கலந்து, திருத்தம் செய்த அந்த ஒரு மின்னோட்டத்தில் மட்டும் ரீடிங் சரியாக இருக்கும்.