புசல்லாவையின் பேரேடு

கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருவீதியில், ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் அமைந்த சிற்றூர் புசல்லாவை. நீண்டதொரு கடைத்தெரு, அதன் இருமருங்கும் தேயிலை மலைகள், பள்ளத்தாக்குகளில் சிங்கள மக்களின் பழங்கிராமங்கள். வழிப்போக்கர் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரமே இங்கே தங்குவர். ஆயினும், அந்தத் தேநீரின் வரலாற்றில் இவ்வூருக்கு ஒரு முதன்மையான இடம் உண்டு.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் மலைக்காடுகளை அரசின் உடைமையாக்கி, தோட்டக்காரருக்கு விற்க வழி திறந்தது. மறு ஆண்டில் கபிரியேல், மொரிஸ் டி வொர்ம்ஸ் என்னும் சகோதரர் புசல்லாவையில் நிலம் வாங்கினர். ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பமான ரொத்சைல்டின் மகள்வழிப் பேரர்கள் இவர்கள். தோட்டத்துக்கும் ரொத்சைல்ட் என்றே பெயரிட்டனர். பயிர் கோப்பி. எனினும், சீனாவுக்குச் சென்று மீண்ட மொரிஸ் அங்கிருந்து கொணர்ந்த தேயிலைச் செடிகளையும் அங்கே நட்டார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக்குவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முற்பட்ட செய்தி இது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, புசல்லாவை மலைகளும் தேயிலைப் பச்சை பூண்டன.

செடி கொணர்ந்தவர் பெயரை நூல்கள் தவறாது கூறுகின்றன. காடு வெட்டிக் குழி தோண்டியவர் பெயரை எந்த நூல் கூறுகிறது? திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் உறவினரைப் பலிகொடுத்து மலையேறியவர் அவர்.

பிரான்சு தேசத்தின் சிற்றூர்களை எண்ணிப் பாருங்கள். 1539ஆம் ஆண்டின் அரச கட்டளைப்படி, அங்குள்ள தேவாலயங்கள் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர்களைப் பதிந்து வைக்கலாயின. ஏழை உழவனும் அதன் துணையால் தன் முன்னோரைப் பல தலைமுறை தேடிக் காணலாம். புசல்லாவையின் தோட்டங்களில் இருந்த ஏடோ செக்ரோல். பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் அதில் பெயர் விழுந்தால் அன்று வேலை. ஒரு நாட்கூலிக்கே ‘பேர்’ என்றும், பாதிக் கூலிக்கு ‘அரைப்பேர்’ என்றும் தோட்டத்தில் வழங்குவர். மனிதனின் பெயர் அவன் கூலியின் அளவாயிற்று.

இது சொல்விளையாட்டன்று, பின்னாளில் மக்களின் வாழ்வையே நிர்ணயித்த செய்தி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் சட்டம் இடையறாது இங்கே வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் மறைந்த பாட்டனுக்கு எந்தச் சான்றிதழைக் காட்டுவது? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரில் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. நாடற்றோராய் நின்றவருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே இறுதியில் வழி திறந்தது.

ஆயினும், ஏட்டில் இடம்பெறாதவர் ஊரில் இடம்பெறாதவர் ஆகார். தோட்டத்து மாரியம்மன் கோயிலும், மாசியில் ஆடும் காமன் கூத்தும், பிள்ளைகளைச் சரஸ்வதி கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரின் ஆர்வமும் அவர்கள் எழுதிய வேறோர் ஏடு. 2023இல், இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் மீண்டும் நடந்தனர். முன்னோரின் பெயர்களை அறியாதபோதும், அவர்கள் நடந்த வழியை மறந்திலர்.

குடியுரிமை கிடைத்தது; லயத்தில் வாழ்வோர் பலருக்குத் தாம் குடியிருக்கும் நிலத்தின் உரிமை இன்னும் கிட்டவில்லை. நேயர்களே, அடுத்த முறை அந்த வீதியில் தேநீர் அருந்தும்போது, பச்சை மலையைச் சற்றே நிமிர்ந்து பாருங்கள். வரிசை வரிசையாய் நிற்கும் அச்செடிகளே, பெயர் எழுதப்படாத அம்மக்களின் பேரேடு.