இரயில் நின்ற பாதையும் நடப்போர் வசதியும்

சிங்கப்பூரில் இன்று நடப்போரும் மிதிவண்டியோட்டிகளும் பயன்படுத்தும் 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை, முன்பு மலாயா இரயில்வேயின் இருப்புப் பாதை. 1903இல் டாங்க் ரோட்டிலிருந்து தொடங்கிய வழித்தடம் 1932இல் மாற்றியமைக்கப்பட்டு, புக்கிட் தீமா வழியாகத் தஞ்சோங் பகார் நிலையத்தை அடைந்தது. 2011 ஜூன் 30 இரவு அங்கிருந்து கடைசி இரயில் புறப்பட்டது. மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. அந்த ஜூலை மாதத்தில் மக்கள் தண்டவாளத்தின் மீதே நடந்து பார்த்தனர். பின்னர் பெரும்பகுதித் தண்டவாளம் அகற்றப்பட்டது.

அகற்றிய பின் எழுந்த கேள்வி எளிதானதன்று. மழை பெய்தால் சேறு. முதியோர்க்கு அமர இடமில்லை. நாற்பது மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்குக் கழிப்பறை எங்கே என்பதே முதற்கவலை. (பாடத்திட்டம் பிறகுதான்!) ஆனால் எல்லா இடத்திலும் கான்கிரீட் கொட்டினால் காடும் போகும், வரலாறும் போகும். எனவே நீர் இறங்கும் சரளைத் தளத்தைத் தேர்ந்தது நல்ல முடிவு என்பேன்.

புக்கிட் தீமா நிலையம் இதற்குச் சிறந்த சான்று. ஒற்றைப் பாதையாகையால் இரு இரயில்கள் எதிரெதிரே வந்துவிடாதிருக்க, ஓட்டுநர் ஓர் அடையாளத் தகடு பெற்ற பின்பே அடுத்த பகுதிக்குள் செல்ல இயலும். அந்தத் தகட்டை வளையத்தில் மாட்டி, ஓடும் வண்டியிலேயே கைமாற்றிக்கொள்வார்கள். கடைசி நாள்வரை இம்முறை இங்கே நடந்தது. 2022 ஜூலையில் நிலையம் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது, ஊழியர் குடியிருப்பு சிற்றுண்டியகமாயிற்று. நிலையக் கட்டடம் தன் உருவை இழக்கவில்லை. அருகிலுள்ள இரும்புப் பாலங்களும் அப்படியே நிற்கின்றன.

நம் பெற்றோர்க்கு மேலும் ஒன்று. இப்பாதையில் உழைத்தவர்களுள் தமிழர் பலர். குயின்ஸ்வே அருகே இரயில்வே ஊழியர்கள் 1932இல் வழிபடத் தொடங்கிய சிறு முனீஸ்வரன் சந்நிதியே, இன்று காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம். வழிகாட்டிப் பலகைகளில் பறவைகளுக்கும் மரங்களுக்கும் தரப்படும் இடம், தண்டவாளம் பதித்த கைகளுக்கும் தரப்படவேண்டும்; தமிழிலும் எழுதப்படவேண்டும். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் நிலையத்தில் தொடங்கிப் பாலம்வரை நடந்தாலே போதும். தொப்பியும் தண்ணீரும் மறவாதீர்.