முன்னாள் மாணவர்களுக்கு ஒரு திருத்தம்



போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் புதிதாக வாங்கிய காரைக் காட்ட வீட்டுக்கு வந்திருந்தான். புதிது என்றால் அவனுக்குப் புதிது. செகண்ட் ஹேண்ட் பி.எம்.டபிள்யூ. வண்டியில் குறையில்லை. பானட்டில் இருக்கும் வட்டச் சின்னம் மட்டும் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் ஒட்ட, கால்வட்டமாக வெட்டிய வினைல் ஸ்டிக்கர்கள் வரவழைத்திருந்தான். நீலம் இரண்டு, வெள்ளை இரண்டு.

வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தினோம். சின்னத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்துவிட்டு ஸ்டிக்கரை வைத்தான். தண்ணீர் இருந்தால்தான் நகர்த்திச் சரிசெய்ய முடியுமாம். நான் பக்கத்தில் நின்று, "இது விமானத்தின் புரொப்பல்லர் சுற்றுவதைப் போட்ட படம்ப்பா. வெள்ளை விசிறி, நீலம் ஆகாயம்" என்றேன். முப்பது வருடம் வகுப்பில் சொன்ன வாசகம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படி இல்லையாம் அத்தை" என்று சொல்லி, அந்தக் கம்பெனியே எழுதியிருந்ததைப் போனில் காட்டினான். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். எனக்குச் சுருக்கென்றது.

நடந்தது இதுதான். மியூனிக்கில் ராப் என்றொரு விமான எஞ்சின் கம்பெனி இருந்தது. கறுப்பு வளையம், நடுவில் சதுரங்கக் குதிரையின் தலை, இதுதான் அதன் முத்திரை. முதல் உலகப் போரின் நடுவே, 1917 ஜூலையில், அது பவேரிய மோட்டார் தொழிற்சாலை என்று பெயர் மாறியது. அந்த ஜெர்மன் பெயரின் சுருக்கம்தான் பி.எம்.டபிள்யூ. வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டு, குதிரை இருந்த இடத்தில் சொந்த மாநிலமான பவேரியாவின் வெள்ளையையும் நீலத்தையும் போட்டார்கள். 1917 அக்டோபர் 5ஆம் தேதி பதிவும் செய்துவிட்டார்கள்.

ஆனால் அரசுச் சின்னங்களை வியாபார முத்திரையில் போடக் கூடாது என்று அன்றைக்குச் சட்டம் இருந்தது. அதனால் நிறங்களின் வரிசையை மாற்றி வைத்தார்கள். பவேரியாவுக்கு வெள்ளை முதலில். முத்திரையில் இடது மேல்மூலையில் நீலம். சட்டத்துக்குப் பயந்து செய்த சின்னத் தந்திரம்!

அப்படியானால் விசிறி எங்கிருந்து வந்தது? 1929இல் விமான எஞ்சினுக்கு ஒரு விளம்பரம் போட்டார்கள். அதில் சுழலும் புரொப்பல்லருக்குள் இந்த முத்திரையை வரைந்திருந்தார்கள். பதிவு செய்து 12 வருடம் கழித்து! 1942இல் கம்பெனியின் சொந்தப் பத்திரிகையே அந்தக் கதையைத் திரும்பச் சொன்னது. பிறகு யார் மறுப்பார்கள்? அவர்களும் வெகுகாலம் திருத்தவில்லை. கதை அழகாக இருந்ததே, ஏன் திருத்த வேண்டும்?

நான் மட்டும் என்ன செய்தேன்? "எங்கே படித்தோம்?" என்று என்னை நானே ஒருநாளும் கேட்டதில்லை. ஆதாரம் இல்லாமல் எழுதினால் உங்கள் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்தவள் நான்.

படித்து முடித்து நிமிர்ந்தால், அவன் இடது மேல்மூலையில் வெள்ளையை வைத்திருக்கிறான்! டிக்கியில் இருக்கும் சின்னத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பவேரியா அரசாங்கம் கேஸ் போடும்டா" என்றேன். சிரித்துக்கொண்டே நான்கையும் உரித்தான். சோப்பு ஈரம் காயாததால் பிழைத்தோம். இடம் மாற்றி வைத்து, துணி சுற்றிய பழைய ஏ.டி.எம். கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினான். ஓரங்களுக்கு மட்டும் ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டினோம்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் அந்த வட்டத்தை நோட்டில் வரைந்து, கீழே "விமான விசிறி" என்று எழுதிக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. நான் "நன்று" போட்டேன். உங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லியிருந்தால், டீச்சர் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று திருத்திச் சொல்லிவிடுங்கள்.

டிக்கிச் சின்னம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.