வேலைக்குப் போதல்: தங்கவயலில் தொலைவுப் பணியின் முன்வரலாறு

தமிழில் ஒருவர் பணியில் இருப்பதைச் சொல்ல 'வேலைக்குப் போகிறார்' என்பதே இயல்பான வழக்கு. நான்காம் வேற்றுமை உருபும் 'போ' என்னும் வினையும் சேர்ந்து, வேலையைச் செயலாக அல்லாமல் சென்றடைய வேண்டிய இடமாகக் காட்டுகின்றன. 'வீட்டு வேலை' என்னும் தொடரோ ஏற்கெனவே வேறொன்றுக்கு உரியது. சமைத்தல், துவைத்தல், பெருக்குதல் என, பெரும்பாலும் பெண்கள் கூலியின்றிச் செய்யும் உழைப்பை அது குறிக்கும். 2020இல் கணினிப் பணி வீட்டுக்குள் நுழைந்தபோது, 'இருந்து' என்னும் ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபைத் துணைக்கழைத்து 'வீட்டிலிருந்தே வேலை' என்று பேச நேர்ந்தது. தொடர் புதிது, அது குறிக்கும் ஏற்பாடு அவ்வளவு புதிதன்று. ஆண்டர்சன்பேட்டையை உள்ளடக்கிய கோலார் தங்கவயலின் வரலாற்றில் அந்த ஏற்பாட்டைத் தெளிவாகக் காணலாம்.

1880 முதல் இச்சுரங்கங்களை நிர்வகித்தது லண்டனிலிருந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம். நிர்வாகிகளும் பங்குதாரர்களும் தம் நகரத்திலேயே இருந்தபடி, கடல்கடந்த ஒரு தொழிலை இரண்டு தலைமுறைகளுக்கும் மேலாக நடத்தினர். சுரங்கத்தில் கண்காணிப்பாளர் இருப்பார். அவருடைய அறிக்கைகள் லண்டன் செல்லும். ஆணைகள் திரும்பி வரும். கப்பல் அஞ்சலுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் 1870இலேயே சூயஸிலிருந்து பம்பாய்க்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டுவிட்டதால், அவசரச் செய்திக்குத் தொலைவு பெரிய தடையாக இல்லை. தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம் என்பதால், ஒரு முழு வாக்கியத்தை ஒற்றைச் சொல்லில் அடக்கும் குறியீட்டு நூல்கள் அக்கால வணிகத்தில் பெருகின. சுரங்கத் தொழிலுக்கென்றே பெட்ஃபோர்ட் மக்நீல் தனியே ஒன்று தொகுத்தார். குறுஞ்செய்திச் சுருக்கங்களை இக்காலச் சீரழிவு என்று வருந்துவோர் அந்நூல்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

ஆற்றலும் தொலைவிலிருந்தே வந்தது. 1902 ஜூனில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. நீளக் கம்பிவழியில் தங்கவயலுக்கு மின்சாரம் எட்டியது. அன்று உலகிலேயே மிக நீண்ட மின்கடத்தல் தடங்களில் ஒன்று அது. பெங்களூரின் தெருக்களுக்கு மின்விளக்கு கிடைத்தது 1905இல்தான்.

ஆக, மூலதனம் லண்டனிலிருந்தும் மின்சாரம் காவிரியிலிருந்தும் வந்துகொண்டிருக்க, தொழிலாளியின் உடல் மட்டும் நேரில் குழிக்குள் இறங்க வேண்டியிருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்காலத்தில் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம் போயிற்று. அதில் இறங்கியோரில் கணிசமானோர் வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். தொலைவிலிருந்து நடத்தப்படும் தொழிலுக்கு நம்பிக்கை வேண்டும். கடல்கடந்திருந்த கண்காணிப்பாளருக்கு அது கடிதத்திலேயே கிடைத்தது. கண்முன் நின்ற தொழிலாளிக்கோ சோதனையும் பதிவேடும்தான். 1897இன் மைசூர்ச் சுரங்க ஒழுங்குமுறைச் சட்டம் தங்கத் திருட்டைத் தடுப்பது என்ற பெயரில் அவரைச் சந்தேகத்துக்குரியவராகவே நடத்தியது. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்ய முற்பட்டபோது அதற்கெதிராகப் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சம்பளம், வேலை நேரம் ஆகியவற்றைத் தாண்டி, கண்காணிக்கப்படும் முறையையே மறுத்த போராட்டம் என்ற வகையில், தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அது இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடவில்லை. 'லைன்' எனப்பட்ட நெருக்கமான குடியிருப்பில், இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் உறங்க மற்றவர்கள் குரலடக்கி நடந்தனர். 'ஏர் பிளாஸ்ட்' என்று தங்கவயல் அழைத்த பாறை வெடிப்பு நிகழும்போது அதன் அதிர்வு மேலே வீடுகளிலும் தெரிந்தது. கீழே ஏதோ நேர்ந்துவிட்டது என்ற செய்தி, எந்தத் தந்திக்கும் முன்பாக, தரை வழியாக அடுப்படிக்கு வந்துவிடும்.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. 'வேலைக்குப் போதல்' அதன்பின் ஏறத்தாழ நூறு கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு ரயிலேறுவதாயிற்று. மாரிக்குப்பத்திலிருந்தும் சாம்பியன் ரீஃப்பிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் திரும்பும் ஆயிரக்கணக்கானோருக்கு ஆண்டர்சன்பேட்டை இரவில் மட்டும் காணும் ஊராயிற்று. போக நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் அன்றாடம் பயணத்திலேயே கழிந்தது. எனினும் வேலை பற்றிய தகவல், கடன், திருமணப் பேச்சு யாவும் பரிமாறப்பட்ட இடமும் அந்தப் பெட்டிகளே. லைன் வீட்டுத் திண்ணையின் பங்கை ரயில் எடுத்துக்கொண்டது எனலாம்.

2020 மார்ச் 22 நள்ளிரவில் பயணிகள் ரயில்கள் நின்றன. கணினிப் பணியாளர் சிலர் மடிக்கணினியுடன் வீட்டிலிருந்தனர். காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், கட்டட வேலையாட்கள் வேலையின்றி வீட்டிலிருந்தனர். ஒரே தெருவில் இரண்டும் நடந்தன. மடிக்கணினி வைத்திருந்தவர்களுக்கும் அது முழு விடுதலையாக இல்லை. உறங்குவதற்கென்று அளந்து கட்டிய வீட்டில் அலுவலகத்துக்கு மூலை தேட வேண்டியிருந்தது. பெண்களுக்கு 'வீட்டு வேலை'யும் 'வீட்டிலிருந்தே வேலை'யும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. ரயில் பேச்சு போய்விட்டதன் இழப்பைக் காணொளிக் கூட்டங்கள் ஈடுசெய்யவில்லை. விசைப்பலகை அசைவைக் கணக்கிடும் மென்பொருள்களோ 1930இன் கைரேகைக்கு நெருங்கிய உறவு.

அதுவரை அழைப்பு மையம் போன்ற பணிகளை வீட்டிலிருந்து செய்யவிடத் தொலைத்தொடர்புத் துறை கடும் நிபந்தனைகள் விதித்திருந்தது. பெருந்தொற்று தொடங்கியதும் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்ட அவை, 2020 நவம்பரில் பெருமளவு நீக்கப்பட்டன. தங்கவயல் மக்களின் பூர்வீகப் பகுதியான வேலூர், குடியாத்தம் வட்டாரத்தில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களைத் தொழிலாளராக 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே ஏற்றிருந்தது. வீட்டிலிருந்து உழைப்போர் அனைவருக்குமாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் இயற்றிய 177ஆம் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் ஒப்பமிடவில்லை.