கிழித்த ஓலை



திருவெண்ணெய்நல்லூர் வழக்கைப் பெரியபுராணத்தின் வாயிலாக நாம் அனைவரும் அறிவோம். மணப்பந்தரிலே வந்து நின்ற முதிய அந்தணர், நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டினார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு அத்தோடு தொலைந்தது என்றே எண்ணியிருப்பார். ஆனால் அவையிலே முதியவர், கிழிபட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உள்ளது என்று எடுத்துக் காட்டினார். பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே அவையோர் தீர்ப்புரைத்தனர். பத்திச் சுவையிலே மூழ்கும் நாம், ஆவணத்தைக் கிழிப்பது வேறு, ஒழிப்பது வேறு என்ற உலகியற் செய்தியைக் கவனியாது சென்றுவிடுகிறோம்.

மேனாட்டார் இச்செய்தியைப் பெருவிலை கொடுத்தே கற்றனர். 1909ஆம் ஆண்டில் ஆபட் அகஸ்டஸ் லோ என்னும் அமெரிக்கர், கழிவுத்தாளை வெட்டும் பொறியொன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் அது சந்தைக்கு வரவில்லை. 1935இல் ஜேர்மனியிலே அடொல்ஃப் ஏஹிங்கர் என்பவர், மாவுத் தகட்டை நாடா நாடாவாக அறுக்கும் சமையற் கருவியைப் பார்த்துத் தாள் வெட்டும் பொறியை அமைத்தார். நாசி ஆட்சிக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களை அவருடைய குப்பையிலே அயலவர் ஒருவர் கண்டுவிட்டமையே அதற்குக் காரணம் என்பர். அக்காலத்தில் அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை அன்றோ!

நாடாவாக வெட்டினாற் போதுமா? 1979 நவம்பரில் தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகம் மாணவர்களாற் கைப்பற்றப்பட்டபோது, உள்ளிருந்தோர் இரகசியத் தாள்களை அவசர அவசரமாக வெட்டித் தள்ளினர். நீள நீளமான கீற்றுகளே எஞ்சின. ஈரானியர் அவற்றைப் பொறுமையாக அடுக்கி ஒட்டி, நூல்களாகவே வெளியிட்டுவிட்டனர். அவ்வேலையிற் கம்பளம் நெய்வோரும் ஈடுபட்டனர் என்று சொல்லப்படுகிறது. இழையெண்ணிப் பழகிய விரல்களுக்குக் காகிதக் கீற்று எம்மாத்திரம்?

இதனினும் பெரிது கிழக்கு ஜேர்மனியின் கதை. ஸ்டாசி என்னும் இரகசியப் பொலிசார், தம் நாட்டு மக்களைப் பற்றியே மலை மலையாகக் கோவைகள் சேர்த்து வைத்திருந்தனர். யார் யாரைச் சந்தித்தார், எவர் எவருக்குக் கடிதம் எழுதினார் என்பனவெல்லாம் அவற்றில் இருந்தன. 1989இல் ஆட்சி சரிந்தபோது அவற்றை அழிக்கத் தலைப்பட்டனர். பொறிகள் ஈடுகொடாமையாற் கையாலேயே கிழித்தனர். மக்கள் உள்ளே புகுந்தபோது எஞ்சிய கிழிசல்கள் ஏறத்தாழ 16,000 சாக்குகள். 1995 முதல் ஊழியர்கள் அத்துண்டுகளைக் கையாற் பொருத்தி, இலட்சக்கணக்கான பக்கங்களை மீட்டனர்.

அரசுகளின் தாளுக்கே இக்கதியாயின் வீட்டுக் குப்பையின் நிலை என்ன? வீதியோரம் வைத்த குப்பைப் பையைப் பொலிசார் நீதிமன்ற ஆணையின்றியே ஆராயலாம் என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1988இலே தீர்ப்பளித்தது. பொலிசாருக்கு எட்டும் பை கள்வனுக்கும் எட்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. பழைய அட்டை இலக்கத்தின் முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு முழுமையாகவே நிற்கிறது. ஆகவே எண்ணை அறிந்தவன் உங்கள் பிறந்தநாளையும் அறிவான். கந்தோர்தோறும் நாம் கொடுக்கும் நிழற்பிரதிகளும், கைதவறிய படிகளும் பழைய தாளோடு சேர்ந்து கடைக்குப் போகின்றன. ஒருநாள் அவை கச்சான் சுருளாகவும் கூடும். ஆரூரர் காலத்தில் வழக்கை வெல்ல மூலவோலை வேண்டியிருந்தது. இன்று ஆள்மாறாட்டஞ் செய்வோனுக்குப் படியோலையே பல வேளைகளிற் போதுமானதாகிவிடுகிறது.

வேண்டாத படியை இரண்டாகக் கிழித்துக் கூடையிலிடும் பழக்கம் என் வீட்டிலும் நெடுங்காலம் இருந்தது. இப்பொழுது பெயரும் எண்ணும் கையொப்பமும் உள்ள பகுதிகளைக் குறுக்கும் நெடுக்குமாக நறுக்கி, வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறவிட்டு, மறுநாட் காலை கூழாகப் பிசைந்து வாழையடியிலே கொட்டிவிடுகிறோம்.